வீல்சேரும் விண்கலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைகதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இருப்பது வீல்சேரில். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் சிலருக்குக் கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், புத்தகக் காட்சியில் கேட்கிறார்கள், பல் டாக்டருக்காகக் காத்திருக்கும்போதும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில்.

முதலில், உடம்புக்கு என்ன?

தசைச்சிதைவு. அதில் பல வகை உண்டு. எனக்கு இருப்பது இடுப்பிலும் தோளிலும் தொடங்கி மெல்ல மெல்லத் தசைகளைப் பலவீனமாக்கும் மரபணுக் கோளாறு. பள்ளிக்கு நடந்து போனேன், கல்லூரியில் சுவரைப் பிடித்து நடந்தேன், இப்போது பவர் வீல்சேர். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன, அதை வைத்துத்தான் வீட்டிலிருந்தே மென்பொருள் கையேடுகளைத் திருத்திப் பிழைப்பை ஓட்டுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. தொற்றாது. கை கொடுக்கலாம்.

இந்தப் பித்து எப்படிப் பிடித்தது?

பி.டி. பீரியட் வழியாக. எல்லோரும் மைதானத்துக்குப் போனதும் என்னை நூலக அறையில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே யாரோ பைண்டு செய்து வைத்திருந்த பழைய தொடர்கதைகளில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இருந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும், புத்தகம் படிக்கும், எதிராளியை மடக்கும். மற்ற பிள்ளைகள் ஜீனோவைப் போல ஒரு நாய் வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார்கள். எனக்கு ஜீனோவாகவே ஆகிவிட வேண்டும் என்றிருந்தது. உடம்பு எதனால் செய்யப்பட்டிருந்தால் என்ன, புத்திசாலியாக இருந்தால் கதை நம் பக்கம் வந்துவிடுகிறதே!

சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். இயந்திரங்கள் எந்த இடத்தில் மக்கர் பண்ணும் என்று தெரிந்தவரின் எழுத்து அது. தினமும் ஒரு மோட்டாரை நம்பி வாழ்கிற எனக்கு அந்த அக்கறை ரொம்பப் பிடிக்கும். அப்புறம் கேபிள் டிவி வந்தது, விண்கலத்தில் அண்டம் சுற்றும் அமெரிக்கத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்’ வந்தது. அதோடு நான் காலி.

நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பிக்கத்தானே இதெல்லாம்?

தப்பிக்க நினைத்தால் காதல் கதை படிப்பேனே. அறிவியல் புனைகதை பார்க்கும்போதுதான் எனக்கு வேலை அதிகம். திரையில் ஒரு விண்கலம் வந்தால் மற்றவர்கள் அதன் பீரங்கியைப் பார்ப்பார்கள், நான் படிக்கட்டைப் பார்ப்பேன்.

1966இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’கில் கப்பலின் கட்டுப்பாட்டு அறையைக் கவனியுங்கள். கேப்டனின் நாற்காலி நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கும், சுற்றியுள்ள மேல்தளத்திலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும். 23ஆம் நூற்றாண்டாம். ஒளியை மிஞ்சிப் பறக்கிறார்கள், ஒரு சாய்தளம் போட ஆள் இல்லை. 1987இல் வந்த அடுத்த தொடரின் கப்பலில் அதே அறைக்கு இரண்டு பக்கமும் சாய்தளம் இருந்தது. கதைக்கணக்கில் நடுவே கிட்டத்தட்ட நூறு வருடம். அந்த நூறு வருடமும் யாரோ ஒருவர் மனு கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் டாலெக்குகள் என்ற எதிரிகள் வருவார்கள். அடியில் சக்கரம் வைத்த உலோகப் பெட்டி மாதிரி இருப்பார்கள். அண்டத்தையே அழிக்க வந்தவர்களால் மாடிப்படி ஏற முடியாது என்பது அந்த ஊரில் பல வருடக் கிண்டல். 1988இல் ஒரு டாலெக் அந்தரத்தில் மிதந்து படியேறிக் காட்டியது. ரசிகர்கள் மிரண்டார்களாம். எனக்கு வந்தது பொறாமை. 2023இல் அதே தொடரின் நாயகன் பயணிக்கும் டார்டிஸ் என்ற காலக்கலத்தின் உள்ளே சாய்தளங்கள் வந்துவிட்டன. அந்த ஆண்டுக் கதைகளில் வரும் அறிவியல் ஆலோசகர் ஒரு வீல்சேர்க்காரர். நடித்த ரூத் மேடலியும் நிஜத்தில் வீல்சேர் பயன்படுத்துபவர்.

பிடித்த பாத்திரம் யார்?

இரண்டு பேர்.

ஒருவர் ஜார்டி லா ஃபோர்ஜ், 1987 தொடரில் கப்பலின் தலைமைப் பொறியாளர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கண்ணை மறைக்கும் வைசர் என்ற கருவியால் நாம் பார்க்க முடியாத அலைவரிசைகளையும் பார்ப்பார். அதனால் அவருக்குத் தலைவலி உண்டு என்பதையும் கதை மறைக்கவில்லை. ஒரு வேடிக்கை: பாத்திரத்துக்குப் பார்வை தரும் அந்தக் கருவி, அதை மாட்டிக்கொண்ட நடிகர் லெவார் பர்ட்டனின் பார்வையைப் பெருமளவு மறைத்துவிட்டது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார். ஜார்ஜ் லா ஃபோர்ஜ், முதல் தொடரின் ரசிகர், தசைச்சிதைவு உள்ளவர், 1975இல் இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் பாத்திரத்துக்கு இந்தப் பெயர். என் நோய், என் பித்து, இரண்டும் உள்ள ஒருவரின் பெயரில் ஒரு தலைமைப் பொறியாளர்! இதை முதலில் படித்த அன்று தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “சரிக்கா, கிரிக்கெட் ஓடுது” என்றான்.

1992இல் வந்த ஓர் அத்தியாயத்தில் மரபணுவைப் பொறுக்கிப் பொறுக்கிக் குறையே இல்லாத மனிதர்களை மட்டும் உருவாக்கி வாழும் ஒரு குடியிருப்பு வரும். ஜார்டி அங்கே கருவிலேயே அழிக்கப்பட்டிருப்பார். அந்தக் குடியிருப்பைப் பேரழிவிலிருந்து காப்பாற்ற உதவுவது அவருடைய வைசரின் தொழில்நுட்பம். கொஞ்சம் வசதியான திருப்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

இன்னொருவர் மெலோரா. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இன்னொரு தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’இல் 1993இல் ஒரே ஓர் அத்தியாயத்தில் வருபவர். ஈர்ப்பு விசை மிகக் குறைந்த கிரகத்தில் பிறந்தவர். சொந்த ஊரில் பறப்பது போல நடமாடுவார், நம் ஈர்ப்பு விசை உள்ள இடத்துக்கு வந்தால் வீல்சேர். உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை, இடம்தான் மாறியது, இடம் மாறியதும் ‘ஊனம்’ வந்துவிட்டது. தன் அறையில் ஈர்ப்பைக் குறைத்துக்கொண்டதும் அவர் மிதக்கிறார், உள்ளே வந்த டாக்டர்தான் தடுமாறுகிறார். நான் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை அந்த ஒரு காட்சி முடித்துவிடுகிறது. எழுதியவர்களில் ஒருவரான இவான் கார்லோஸ் சோமர்ஸ் வீல்சேர் பயன்படுத்துபவர். உதவிக்கு ஓடி வருகிறவர்கள் மீது மெலோரா காட்டும் அந்தச் சிடுசிடுப்பு அனுபவப்பட்டவரின் சிடுசிடுப்பு.

கடைசியில் நடக்கவைக்கும் சிகிச்சை கிடைக்கிறது. அதை முழுதாக எடுத்துக்கொண்டால் சொந்தக் கிரகத்தில் பழையபடி வாழ முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்.

பிடிக்காதது?

வீல்சேரில் வரும் வில்லன்கள். டாலெக்குகளை உருவாக்கிய டாவ்ரோஸ் 1975இலிருந்து ஒரு சக்கரப் பெட்டிக்குள் இருந்தபடி உலகை வெறுத்தார். நம் ஊரிலும் 2016இல் வந்த ‘24’ படத்தில் வில்லன் ஆத்ரேயா கோமாவிலிருந்து எழுந்து வீல்சேருக்கு வந்து, இழந்த காலத்தைத் திரும்பப் பெற காலக் கடிகாரத்தைத் தேடி வெறிபிடித்து அலைவார். சூர்யா பிரமாதமாகச் செய்திருந்தார், கை தட்டினேன். ஆனால் காலத்தில் பயணிக்கும் கருவி ஒன்று கிடைத்தால் வீல்சேரில் இருப்பவருக்குத் தோன்றும் ஒரே ஆசை பழைய காலைத் திரும்பப் பெறுவதுதான் என்று ஏன் முடிவு செய்துவிடுகிறார்கள்? நானாக இருந்தால் சோழர் காலத்துக்குப் போய் தஞ்சைப் பெரிய கோயில் கட்டும் சாரத்தைப் பார்ப்பேன். அதில் படி இருந்திருக்காது, சாய்வான பாதைதான் போட்டிருப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையா என்று நேரில் தெரிந்துகொள்ளலாம்.

சிகிச்சை வந்தால் எடுத்துக்கொள்வீர்களா, மெலோரா மாதிரி மறுப்பீர்களா?

எடுத்துக்கொள்வேன். மெலோராவுக்குத் திரும்பிப்போக ஒரு கிரகம் இருந்தது.

எனக்கு வீல்சேரில் உட்காருவது ஒரு வருத்தமே இல்லை. ராத்திரி புரண்டு படுக்க அம்மாவை எழுப்ப வேண்டியிருப்பது வருத்தம். மூச்சுக்கான தசைகளும் தளர்ந்துகொண்டே போவது பயம். இந்த இரண்டையும் நிறுத்தும் மருந்து வந்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன், அதாவது உட்காருவேன்.

ஆனால் மருந்து வந்துவிட்டது என்ற செய்திக்கும் மருந்து என்னிடம் வருவதற்கும் நடுவே நிறைய தூரம். டுஷேன் என்ற வகைத் தசைச்சிதைவுக்கு 2023 ஜூனில் அமெரிக்காவில் முதல் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஒரே முறை ஏற்றுவது, விலை 32 லட்சம் டாலர். 2025இல், அதைப் பெற்றவர்களில் நடக்க முடியாத நிலையில் இருந்த இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததும் அந்த நிலையில் உள்ளவர்களுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். 2009இல் வந்த ‘அவதார்’ படத்தின் நாயகன் வீல்சேரில் இருக்கும் முன்னாள் படைவீரன். முதுகுத்தண்டைச் சரிசெய்யும் வைத்தியம் அந்த 22ஆம் நூற்றாண்டில் உண்டு, அவனுடைய ஓய்வூதியத்துக்குத்தான் அது கட்டுப்படியாகாது. பறக்கும் மலைகளை விட எனக்கு நம்பும்படியாக இருந்தது அந்த வசனம்தான்.

மூளையில் சிப், செயற்கைக் கண் எல்லாம் வந்துவிட்டதே, சந்தோஷம்தானே?

சந்தோஷம், கூடவே கொஞ்சம் எச்சரிக்கை. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில் தன் சில்லை முதல்முறையாகப் பொருத்தியது. அவர் நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடியதை நானும் வாய் பிளந்து பார்த்தேன். சில வாரங்களில் மூளைக்குள் போன மெல்லிய இழைகளில் பல பின்வாங்கிவிட்டன, மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள்.

நான் மறக்காமல் வைத்திருப்பது ஆர்கஸ் டூ கதையை. விழித்திரையில் பொருத்தும் செயற்கைக் கண் அது, உலகெங்கும் 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். வெளிச்சமும் நிழலும் கோடுகளும் தெரியும், அதுவே அவர்களுக்குப் பெரிது. தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019இல் அதைக் கைவிட்டது, மறு வருடம் நிறுவனமே மூடும் நிலைக்குப் போனது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லை, கண்ணுக்குள் இருப்பதை எடுப்பதும் லேசு இல்லை.

என் வீல்சேருக்கு ஒரு ஜாய்ஸ்டிக் பழுதானபோது உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வரும் வரை கட்டிலோடு கிடந்தேன். கடைசியில் தெருமுனையில் மிக்ஸி ரிப்பேர் செய்யும் அண்ணன் பிரித்துப் பார்த்து, ஒரு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஓட வைத்தார். எதிர்காலக் கதை எழுதுபவர்கள் இந்த அண்ணனை மறந்துவிடுகிறார்கள். சைபார்க், அதாவது பாதி உடம்பு பாதி இயந்திரமான ஆள், இருக்கும் ஊரில் சைபார்க் மெக்கானிக் கடையும் இருந்தாக வேண்டும்.

விண்வெளிக்குப் போகச் சொன்னால் போவீர்களா?

கேட்பார்கள் என்று இத்தனை நாள் காத்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். எடையற்ற இடத்தில் கால் எதற்கு? விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் கையால் தள்ளித் தள்ளித்தான் போகிறார்கள். கால் விரலை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டு நிலையாக நிற்பதோடு அதன் வேலை முடிந்தது. அங்கே இருக்க இருக்கத் தசை கரையும், அதைத் தடுக்கத் தினமும் 2 மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து சோயுஸ் கலத்தில் இறங்குபவர்களைக் கைத்தாங்கலாக வெளியே எடுத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துப் போர்த்துகிறார்கள். உலகமே கை தட்டுகிறது. என்னைக் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி “பாவம்” என்கிறார்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையும் அப்புறம் நாசாவும் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 பேரை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். பெரும்பாலோருக்குச் சிறுவயதில் வந்த மூளையுறைக் காய்ச்சலால் உட்காதின் சமநிலை உறுப்பு கெட்டுப்போயிருந்தது. அதனால் அவர்களுக்கு எத்தனை சுற்றினாலும் குமட்டல் வராது. நாள்கணக்கில் சுழலும் அறையில் வாழ வைத்தார்கள், கொந்தளிக்கும் கடலில் கப்பலில் கொண்டு போனார்கள். ஆராய்ச்சியாளர்கள் குடலைப் புரட்டிச் சுருண்டு விழ, இவர்கள் உட்கார்ந்து சீட்டு ஆடினார்களாம். உடம்பு எப்படி இருந்தால் விண்வெளிக்குத் தோது என்று கேட்டிருந்தால் அந்த 11 பேர்தான் விடை. அனுப்பியது என்னவோ போர் விமானிகளை.

கதைகளில் இது இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஹைன்லைன் 1942இல் எழுதிய ‘வால்டோ’ என்ற குறுநாவலின் நாயகனுக்குப் பிறவியிலேயே தசை பலவீனம். பூமியில் கையைத் தூக்குவதே பாடு. ஆகவே பூமியைச் சுற்றும் வீடு ஒன்றில் எடையில்லாமல் வாழ்கிறான், தன் கையசைவைப் பின்பற்றும் இயந்திரக் கைகளை உருவாக்கி அதனால் பணக்காரனாகிறான். அப்புறம் ஆய்வுக்கூடங்களில் வந்த நிஜ இயந்திரக் கைகளுக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது. இவ்வளவு அருமையாக யோசித்தவர், கதை முடிவில் அவனைக் குணப்படுத்தி மேடையில் நடனமாட விட்டுவிட்டார். ஏன் சார்?

இப்போது நிலைமை நகர்ந்திருக்கிறது. ஸ்டீஃபன் ஹாக்கிங் 2007இல் எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானத்தில் மிதந்தார், அந்தப் படத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு காலை இழந்த ஜான் மெக்ஃபாலை ஐரோப்பிய விண்வெளி முகமை 2022இல் தேர்ந்தெடுத்தது. நீண்ட காலப் பயணத்துக்கும் அவர் தகுதியானவர் என்று 2025இல் மருத்துவச் சான்று கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வீல்சேர் பயன்படுத்தும் பொறியாளர் மிக்கேலா பெந்தவுஸ் ப்ளூ ஆரிஜின் ராக்கெட்டில் சில நிமிட நேரம் விண்வெளியைத் தொட்டு வந்தார். எனக்குச் சுவாசக் கருவி வேண்டும், கிளம்பும்போதைய அழுத்தத்தை என் நெஞ்சு தாங்காது. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். சிரித்தார், ஆனால் பதிலும் சொன்னார்.

அன்றாட வாழ்க்கையில் ‘இது எதிர்காலம்தான்’ என்று தோன்றிய தருணம்?

பஸ். சென்னையில் 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை விட்டது. நிறுத்தத்தில் நின்றதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும், கதவடியில் மடித்துவைத்த பலகையை நடத்துநர் விரிப்பார். என்னைச் சுற்றி நின்றவர்கள் வழக்கம்போல் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ விண்கலம் வந்து கதவு திறந்த மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், யாரும் தூக்காமல் பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை. டிக்கெட் கேட்டபோது நடத்துநரிடம் குரல் கொஞ்சம் கம்மியது.

மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் அலைக்குப் பக்கம் வரை வீல்சேர் போக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயல் வந்து அதைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். கடல் என்றால் அப்படித்தான், கோபம் இல்லை.

கோபம் வருவது கடை வாசல்களில். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இங்கே பாதி இடங்களில் பைக் ஏற்றுவதற்கு இரண்டடியில் சறுக்குமரம் போலக் கட்டிவிட்டு, “ராம்ப் இருக்கே மேடம்” என்கிறார்கள். இதெல்லாம் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சினிமா தியேட்டர் தனி வயிற்றெரிச்சல். நான் போகும் இடத்தில் வீல்சேருக்கு ஒதுக்கியது முதல் வரிசையின் ஓரம். விண்கலத்தின் இடது சிறகை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, மூன்று நாள் கழுத்துக்குத் தைலம்.

நீங்கள் எல்லோருக்கும் தன்னம்பிக்கை ஊட்டுகிறீர்கள், தெரியுமா?

தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார் இதை. அடுத்த விள்ளலை எப்படிச் சாப்பிடுவதென்றே தெரியவில்லை.

கதை எழுதுகிறேன், வீல்சேர் பாத்திரம் வைக்கலாமா?

தாராளமாக. நான் தேடுவது சில விஷயங்களைத்தான். அந்த ஆள் காலையில் எப்படி எழுந்தார், யார் உதவினார்கள், அதற்குச் சம்பளம் உண்டா? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கரண்ட் போனால் என்ன செய்வார்? உங்கள் விண்கலத்தில் கழிவறைக் கதவு எவ்வளவு அகலம்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் கதை தானாக வந்துவிடும். கடைசி அத்தியாயத்தில் குணப்படுத்தவும் வேண்டாம், தியாகம் செய்ய வைத்துக் கொல்லவும் வேண்டாம். ஒரு தடவை அவர் பொய் சொல்லட்டும், யாரையாவது காதலித்துச் சொதப்பட்டும், சக ஊழியரின் பதவி உயர்வைப் பார்த்து எரிச்சல்படட்டும்.

பிறந்த நாளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரட்டும்?

கனமில்லாதது. 600 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தை என் கை பிடிக்காது, மேஜையில் சாய்த்துவைத்தால் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். மின்நூல் இருந்தால் அதுதான் உத்தமம். விரல் நுனியால் தட்டிப் புரட்டுவேன், எழுத்தைப் பெரிதாக்குவேன், களைத்தால் செல்போனை வாசிக்கச் சொல்வேன். அந்தக் குரல் தமிழ்ப் பெயர்களை ஒரு மாதிரி உச்சரிக்கும், வேற்றுக்கிரகவாசி பேசும் இடங்களுக்கு மட்டும் பொருத்தமாக இருக்கும். அச்சுப் புத்தகம்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் பழைய மாத நாவல் அளவில், சாணித்தாளில் அச்சடித்தது எதுவானாலும் சரி. பூங்கொத்து வேண்டாம், எனக்குத் தும்மல் வரும்.